இளைஞர் மனமும் நமது பண்பாடும்

(தோட்டத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இருள் பிரியுமுன் எழுந்து, நிரைக்குச் சென்று, பால் வெட்டி, மங்குகளைக் கவிழ்த்துப் பாலைச் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்பு நீங்குவதற்குள், பிள்ளைகளின் நலனைப் பற்றிக் கேட்பதற்காக இம்மண்டபத்தில் கூடியிருக்கிறீர்கள். நானும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகன். லயன் வீட்டில் பிறந்து, கோட்டுப்பால் உரித்து வளர்ந்தவன். ஆகவே, ஏட்டில் படித்ததை மட்டும் ஒப்புவித்துவிட்டுப் போக என் மனம் இடந்தரவில்லை. நான் கண்டதையும், செய்யத் தவறியதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள் இளைஞர்களின் மனநலம் பற்றியது. குடும்பத்தோடும், பள்ளியோடும், நண்பர்களோடும், வெளியுலகத்தோடும் இசைந்து வாழ்ந்துகொண்டே, தன் மனத்திலும் அமைதி குலையாமல் இருக்கும் நிலையைத்தான் அறிஞர்கள் மன இணக்கம், சமூக இணக்கம் என்று கூறுகிறார்கள். ஓர் இளைஞன் தேர்வில் நல்ல புள்ளிகள் பெறலாம். ஆனால், இரவில் உறக்கமின்றித் தவிப்பானாயின் அவனுக்கு மன இணக்கம் இல்லை. மற்றொருவன் எப்போதும் கலகலப்பாக இருக்கலாம். ஆனால், பள்ளியிலும் வேலையிலும் நிலைத்திருக்க இயலாமற் போனால் அவனுக்குச் சமூக இணக்கம் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்து அமைவதே நல்வாழ்வு.

இது ஏதோ சிலரைப் பற்றிய செய்தி என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நமது நாட்டில் 2022-ஆம் ஆண்டில் பள்ளி மாணவரிடையே நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பது தெரியவந்தது. நம் லயத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்துக்கொண்டால், இதன் பொருள் விளங்கும்.

புகுமுக வகுப்பில் மூவர்

1976-ஆம் ஆண்டு நானும், அடுத்த வீட்டு நண்பன் ஒருவனும், மேட்டு லயத்துப் பெண்ணொருத்தியுமாக மூவர், தமிழ்ப்பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்தோம். தோட்டத்துப் பள்ளியில் நாங்கள் மூவரும் முதல் வரிசை மாணவர்கள். புதிய பள்ளியிலோ முதல் நாளே வாயடைத்துப் போனோம். ஆசிரியர் மலாய்மொழியில் என் பெயரைக் கேட்டார். கேள்வி எனக்கு விளங்கியது, விடையும் தெரிந்தது, ஆனால் நா எழவில்லை. வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று மாலை, "பள்ளிக்கூடம் எப்படிடா இருந்தது?" என்று அம்மா கேட்டார். "நல்லா இருந்தது" என்றேன். அடுத்து வந்த பல மாதங்களுக்கு அந்தப் பொய்யையே நாள்தோறும் சொல்லி வந்தேன்.

என் நண்பனும் அவ்வாறே வீட்டில் சொல்லி வந்தான். ஆனால், இரண்டாம் பருவம் தொடங்கியபோது அவன் பேருந்திலிருந்து பாதி வழியில் இறங்கி, பழைய மரங்கள் நின்ற காட்டு ஓரத்தில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, மாலையில் எங்களோடு வீடு திரும்பத் தொடங்கினான். ஒருநாள் துணிந்து, "எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்" என்று தன் தந்தையிடம் கூறினான். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அடித்தார். அவன் தாயோ, "வெளியில் சொல்லாதே, மானம் போகும்" என்றார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தம் மகன் மரத்தடியில் வாழ்நாளைக் கழிக்கக் கூடாது என்ற ஆசையில் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி அவனைப் படிக்கவைத்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

எனக்கு மட்டும் வேறு வழி எப்படிக் கிடைத்தது? எங்கள் பாட்டிக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால், நான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைக் கண்டுகொண்டார். ஒன்றும் கேட்காமல் பல நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓர் இரவு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி அழுதேன். மறுநாள் அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, தோட்டத்துக் கிராணியார் வீட்டு அஞ்சடியில் நிறுத்தி, "இவனுக்கு அந்தப் பாஷை வாயில் வரமாட்டேன் என்கிறது, ஐயா" என்றார். அன்று முதல் நாளுக்கு ஒரு பத்தி வீதம் மலாய் நாளிதழை உரக்கப் படிக்கவைத்தார் கிராணியார். தவறினால் சிரிக்கமாட்டார், திரும்பவும் படி என்பார். ஆண்டு முடிவதற்குள் என் நா திருந்தியது.

என் நண்பன் என்னைவிட அறிவில் குறைந்தவன் அல்லன். கணக்கில் என்னை மிஞ்சியவன். எங்கள் இருவருக்கும் வந்த இடரும் ஒன்றே. இடரை எதிர்கொண்ட வழிதான் வேறு. அவ்வழியை அமைத்துக் கொடுத்தவர்களும் வேறு. இதுவே இன்றைய என் பேச்சின் கருப்பொருள்.

இடரை எதிர்கொள்ளும் இருவகை

இலாசரசு, ஃபோக்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மனிதர் இடரை எதிர்கொள்ளும் முறைகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்தார்கள். இடரையே நீக்க முயல்வது ஒன்று. இடரால் உண்டாகும் மனவேதனையைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. கிராணியார் வீட்டில் நாளிதழ் படித்தது முதல் வகை. பாட்டியிடம் அழுதது இரண்டாம் வகை.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்பது பொருந்தாது. மாற்றக்கூடிய இடருக்கு முதல் வகை ஏற்றது. மாற்ற இயலாத இடருக்கு இரண்டாம் வகை ஏற்றது. மழை பெய்து மரம் நனைந்திருக்கும் நாளில் கத்தியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போவதால் பயனில்லை. மழையை நிறுத்த நம்மால் ஆகாது. கத்தி மழுங்கியிருந்தாலோ, அதைத் தலைவிதி என்று விட்டுவிடமாட்டோம், தீட்டிக்கொள்வோம். மழை எது, மழுங்கிய கத்தி எது என்று பகுத்தறியக் கற்றுக்கொடுப்பதே பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பேருதவியாகும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது ஓடி ஒளிதல். காட்டு ஓரத்தில் ஒளிந்திருத்தல், கள், சாராயம், போதைப்பொருள், குண்டர் கும்பல், விடிய விடியக் கைப்பேசியில் மூழ்கிக் கிடத்தல் ஆகிய யாவும் இவ்வழியைச் சேர்ந்தவையே. இவை அன்றைய பொழுதுக்கு வேதனையை மறக்கச் செய்யும். ஆனால் இடரைப் பன்மடங்காக்கி மறுநாள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்.

பண்பாட்டின் இருமுகங்கள்

ஓர் இளைஞன் எவ்வழியைத் தேர்ந்தெடுப்பான் என்பது அவன் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. அவன் வளர்ந்த பண்பாடும் அதை முடிவு செய்கிறது. 1980-களில் அமெரிக்க அறிஞர் சிலர், அமெரிக்கரையும் சப்பானியரையும் ஒப்பிட்டு எழுதினர். சூழ்நிலையைத் தம் விருப்பத்திற்கு ஏற்ப மாற்ற முயலும் போக்கை அமெரிக்கப் பண்பாடு பெரிதும் போற்றுகிறது என்றும், சூழ்நிலைக்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்ளும் போக்கைச் சப்பானியப் பண்பாடு பெரிதும் போற்றுகிறது என்றும் எடுத்துக்காட்டினர். தம்மை அமைத்துக்கொள்வது தோல்வியன்று. அதுவும் ஒருவகை ஆற்றலே என்பது அவர்கள் கண்ட முடிவு.

நமது தோட்டத்துப் பண்பாட்டிலும் இத்தகைய ஆற்றல்கள் உண்டு. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் இரு முகங்கள் இருக்கின்றன.

முதலாவது, பொறுமை. கடல் கடந்து வந்து, காடு வெட்டி, காய்ச்சலிலும் பசியிலும் மடியாமல் நம் முன்னோரைக் காத்தது இப்பண்பே. ஆனால், பொறுமை எல்லை மீறும்போது, "நம் தலையெழுத்து இவ்வளவுதான்" என்ற சொல்லாக மாறிவிடுகிறது. விதியை மதியால் வெல்லலாம் என்று சொன்னவர்களும் நம் முன்னோரே அல்லவா?

இரண்டாவது, குடும்ப மானம். பெற்றோர் பெயர் கெடக்கூடாதே என்ற எண்ணம் எத்தனையோ பிள்ளைகளைத் தீய வழியில் செல்லாமல் தடுத்திருக்கிறது. அதே எண்ணம், "நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்ற அச்சமாக மாறும்போது, உதவி கேட்க வேண்டிய வாயை அடைத்துவிடுகிறது. காலில் முள் தைத்தால் ஊரெல்லாம் சொல்லுகிறோம். மனத்தில் தைத்த முள்ளை மட்டும் மறைக்கிறோம்.

மூன்றாவது, மூத்தோரை மதித்தல். மூத்தோர் சொல்லைக் கேட்டு நடத்தல் உயர்ந்த பண்பு. ஆனால், கேட்பது இளையோர் கடமை மட்டுமன்று. ஆண்பிள்ளை அழக்கூடாது என்றும், பெண்பிள்ளை எதிர்த்துக் கேட்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டால், அவர்கள் தம் துயரை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பார்கள்?

பால் வெட்டும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டையை மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். உரிய பருமன் வரும்வரை கன்று மரத்தில் கத்தியே வைப்பதில்லை. மரத்திடம் காட்டும் இந்தக் கைப்பதம் பிள்ளைகளிடமும் வேண்டும். கண்டிப்பே இல்லாத வளர்ப்பும் பயன் தராது. காயப்படுத்தும் கண்டிப்பும் ஆறாத வடுவையே தரும்.

இரண்டு உலகங்களுக்கு நடுவே

நம் இளைஞர்களுக்குக் கூடுதலான சுமை ஒன்று உண்டு. வீட்டில் தமிழ்ப் பண்பாடு; பள்ளியிலும் வேலையிடத்திலும் பல இனத்தவர் கூடிய தேசியச் சூழல். பல தோட்டங்கள் செம்பனைக்கும், வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியதால் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இச்சுமை இன்னும் மிகுதி. கோவிலும் திடலும் ஆயாக்கொட்டகையும் சேர்ந்து பிள்ளைகளை வளர்த்த காலம் போய், பூட்டிய கதவுக்குள் தனியே வளரும் நிலை அவர்களுக்கு வந்தது.

இரு பண்பாடுகளுக்கு நடுவே வாழ்வோர் நான்கு வழிகளில் ஒன்றை மேற்கொள்கிறார்கள் என்று கனடா நாட்டு அறிஞர் சான் பெர்ரி எடுத்துரைத்தார். தன் பண்பாட்டை விட்டுவிட்டுப் புதியதில் கரைந்துபோதல் ஒன்று. புதியதை ஒதுக்கித் தன் வட்டத்திற்குள்ளேயே அடங்கிவிடுதல் இரண்டாவது. இரண்டிலும் ஒட்டாமல் ஓரத்தில் நின்றுவிடுதல் மூன்றாவது. தன்னுடையதைக் காத்துக்கொண்டே புதியதிலும் முழுமையாகப் பங்குகொள்ளுதல் நான்காவது. பல நாடுகளில் பெர்ரியும் மற்றவர்களும் செய்த ஆய்வுகளில், நான்காம் வழியில் செல்லும் இளைஞர்களே பொதுவாக நல்ல மன இணக்கமும் சமூக இணக்கமும் உடையவர்களாகக் காணப்பட்டனர். மூன்றாம் வழியில் நின்றவர்களே மிகுந்த துன்பத்துக்கு உள்ளாயினர்.

ஆகவே, "தமிழ் படித்தால் முன்னேற முடியாது" என்று சொல்லும் பெற்றோரும், "மலாய்ப் பிள்ளைகளோடும் சீனப் பிள்ளைகளோடும் உனக்கென்ன பேச்சு?" என்று தடுக்கும் பெற்றோரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். தாய்மொழி நம் பிள்ளைகளுக்கு வேர். தேசிய மொழி அவர்களுக்குக் கிளை. வேரும் கிளையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1952-ஆம் ஆண்டில் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்த தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள், மாணவர் மணிமன்றத்தின் வழியாகவும் இளையோருக்கு எழுத்திலும் பேச்சிலும் பயிற்சி அளித்தார். அவ்வழியில் தோன்றிய மணிமன்றங்களில் பேசிப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள், வெளியுலக மேடைகளிலும் அஞ்சாது நின்றார்கள்.

கவாய் தீவு தரும் பாடம்

நம்மைப் போன்ற தோட்டத்து மக்களிடையே நடந்த ஆய்வு ஒன்றைக் கூறுகிறேன். அவாய்த் தீவுகளுள் ஒன்று கவாய். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகச் சப்பானிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு மிகுதியாக வாழ்ந்தனர். எம்மி வெர்னர் என்னும் அம்மையார் மற்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 1955-ஆம் ஆண்டில் அத்தீவில் பிறந்த 698 குழந்தைகளை, அவர்கள் நாற்பது வயதை எட்டும் வரை தொடர்ந்து கவனித்து வந்தார்.

அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கடும் இடர்ச்சூழலில் வளர்ந்தவர்கள். வறுமை, பெற்றோரிடையே சச்சரவு, குடிப்பழக்கம், மனநோய் எனப் பல இடர்கள் அவர்களைச் சூழ்ந்திருந்தன. இவர்கள் எல்லாரும் கெட்டுப்போவார்கள் என்றே யாரும் எண்ணியிருப்பர். ஆனால், இவர்களிலும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அன்பும் திறமையும் உடையவராக வளர்ந்தார். அவர்களைக் காத்தவை எவை என்று வெர்னர் ஆராய்ந்தார். தாயோ, பாட்டியோ, வேறு உறவினரோ, யாரேனும் ஒருவருடைய உறுதியான அன்பு, அக்கறை காட்டிய ஓர் ஆசிரியர் அல்லது அண்டைவீட்டார், வீட்டில் தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு, தெய்வ நம்பிக்கை. இவையே அவர் கண்ட விடைகள். பணம் கொடுத்து வாங்கவேண்டியது இவற்றில் ஒன்றுமில்லை. என் பாட்டியையும் கிராணியாரையும் நான் இந்த ஆய்வில் கண்டேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. பதினெட்டு வயதில் வழிதவறியிருந்தவர்களிலும் பெரும்பாலோர், முப்பது, நாற்பது வயதை அடையும்போது திருந்தி நல்வாழ்வு பெற்றிருந்தனர். ஒரு தொழிற்கல்வி, ஒரு நல்ல மணவாழ்க்கை, ஓர் இறைநெறிக் கூட்டம் போன்ற இரண்டாம் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஆதலின், "இவன் உருப்படமாட்டான்" என்று பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தீர்ப்பெழுத யாருக்கும் உரிமை இல்லை.

நாம் செய்யவேண்டியவை

பெற்றோர்களே, நாளுக்குக் கால்மணி நேரம் போதும். "எத்தனை புள்ளிகள்?" என்று கேட்பதற்கு முன், "இன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், உணவும் உறக்கமும் மாறினால், விருப்பமான விளையாட்டை விட்டுவிட்டால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள்.

கோவில் பொறுப்பாளர்களே, இளைஞர் மன்றத்தாரே, திருவிழாவுக்கு ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். புகுமுக வகுப்புக்கும் முதலாம் படிவத்துக்கும் செல்லும் பிள்ளைகளையும் அவ்வாறே கூடி இழுக்க வேண்டும். மூத்த மாணவர் ஒருவர் இளைய மாணவர் இருவருக்குத் துணை என்று ஏற்பாடு செய்தால், நாளிதழ் ஒன்றும் விளக்கு ஒன்றும் இருந்தால் போதும். கிராணியார் வீட்டு அஞ்சடியை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டாக்கிவிடலாம்.

இளைஞர்களே, உதவி கேட்பது கோழைத்தனமன்று. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அரசாங்க மருத்துவ நிலையம் இருக்கிறது. 15999 என்ற எண்ணில் தாலியான் காசே என்னும் அரசாங்க உதவித் தொலைபேசி இரவும் பகலும் இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுமாயின், அப்போதே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு நமது நாட்டில் 2023-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. தண்டனைக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருக்க இனிக் காரணமே இல்லை.

என் நண்பன்

இறுதியாக, என் நண்பனைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். அவன் அந்த ஆண்டே பள்ளியை விட்டு நின்றான். லாரிக்கு ஆளாகப் போனான். தீய கூட்டத்தில் சேர்ந்தான். சில காலம் சிறையிலும் இருந்தான். அவன் எங்கே ஒளிந்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். தினமும் அவன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் அமர்ந்திருந்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்காமல் இருப்பதே நட்பு என்று நினைத்தேன். பாட்டியிடம் என் துயரைச் சொன்ன அந்த இரவில், அவனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிராணியார் வீட்டு அஞ்சடியில் இருவருக்கு இடம் இருந்தது.

1998-ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய பள்ளியில் தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்ப்பதற்காக அவன் வந்தான். உலோகப் பற்றுவைப்புத் தொழிலைக் கற்று, திருமணம் செய்துகொண்டு, திருந்தி வாழ்ந்துகொண்டிருந்தான். என்னைப் பெயர் சொல்லி அழைக்காமல் "சார்" என்று அழைத்தான். பாரங்களில் கையொப்பமிட்ட பிறகு, சிறிது தயங்கி நின்று, "சார், என் பிள்ளை பேசாமல் இருந்தால் அடித்துவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்" என்றான்.

பெரியோர்களே, நான் படித்த நூல்கள் எல்லாம் சொன்னதை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். அன்று அவனிடம் நாங்கள் யாருமே கேட்காமல் விட்ட கேள்வி அது. இன்று வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளையிடம் அக்கேள்வியைக் கேளுங்கள். விடை வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என்னிடம் ஒரு கிழவி அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.